லாரி டர்போ வைத்த சீதாலட்சுமி டீச்சர்

சென்ற வாரம் ஒரு காலையில் மாரியப்பன்தான் போன் செய்தார். "சார், நம்ம டீச்சர் தவறிட்டாக. தூக்கத்துலயே போயிட்டாகளாம்" என்றார். பிறகு, "ஒரு தடவ நீளமா ஹாரன் அடிக்கணும்போல இருக்கு சார். கையில பஸ் இல்லையே" என்றார். மாரியப்பன், ராஜபாளையத்துக்கும் மதுரைக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸின் பழைய டிரைவர். டீச்சருக்கு அவர்தான் ஜென்ம எதிரி. அந்த எதிரியே முதல் ஆளாகத் துக்கம் சொல்கிற மாதிரி வாழ்ந்திருக்கிறார் எங்கள் சீதாலட்சுமி டீச்சர்.

அவரிடம் அறிவியல் படித்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பு அதிரச் சிரிப்பார், சாக்பீஸை எறிந்தால் குறி தப்பாது. நான் சொல்ல வந்தது அவருடைய காரைப் பற்றி. தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் அதில்தான் போய் வந்தோம். நான் தமிழாசிரியன், வேகம் என்றாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும் ஆள். அதனாலேயே என்னை முன் இருக்கையில் உட்கார வைப்பார். காரின் வேகம் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. "தமிழய்யா, உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் எம்புட்டு வேகம் போறோம்னு எனக்குத் தெரியுது" என்பார். வண்டியை எடுக்கும்போது அவர் வீட்டுத் தெலுங்கில் "பதண்டி, பதண்டி!" என்று ஸ்டீயரிங்கைத் தட்டுவார். கிளம்பு, கிளம்பு என்று அதற்கு அர்த்தம். நாங்கள் கிளம்பிவிடுவோம், கார்தான் யோசிக்கும்.

பழைய கார், உள்ளே டீசல் எஞ்சின் மாற்றிப் போட்டது. எஞ்சினோடு சின்னதாக ஒரு டர்போவும் இருந்தது. வெளியே போகிற புகையின் வேகத்தில் தானே சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற இரும்பு நத்தை அது. ஐந்து ஆசிரியர்களையும் ஐந்து சோற்றுவாளிகளையும் இழுக்க அந்த நத்தைக்கு மூச்சுப் போதவில்லை. தினமும் வன்னியம்பட்டிக்குச் சாலை பிரிகிற விலக்குக்குப் பக்கத்தில் மாரியப்பனின் பஸ் எங்களை முந்தும். கண்டக்டர் கையை வெளியே நீட்டி ஆட்டுவார். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஜன்னலெல்லாம் தலையை நீட்டி "டீச்சர், டாட்டா!" என்று கத்துவார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது அதே பிள்ளைகள் வாசலில் ஒன்றுமே தெரியாதவர்கள்போல வணக்கம் சொல்வார்கள். ஒருநாள் டீக்கடையில் வைத்து மாரியப்பன், "டீச்சர், பின்னால இருக்குறவுகள எறங்கித் தள்ளச் சொல்லலாம்ல?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் டீச்சர் சபதம் போட்டார். "ரிட்டயர் ஆகுறதுக்குள்ள ஒரே ஒரு நாளாவது அந்த பஸ்ஸ எனக்குப் பின்னால ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டு வாரேன். முடியலைன்னா காரை வித்துட்டு அதே பஸ்ஸுல வீட்டுக்குப் போறேன்." ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லை.

நேராகக் காதர் பாய் பட்டறைக்குப் போனார். கோயம்புத்தூர்ப் பழைய இரும்புக் கடையிலிருந்து பாய் லாரி டர்போ ஒன்றை எடுத்து வந்து வைத்திருந்தார். பூசணிக்காய் அளவு இருந்தது. "டீச்சர், இது பெரிய ஆளு. இதச் சுத்தவைக்கப் பொகை நெறைய வேணும். மிதிச்ச ஒடனே வேல செய்யாது. இதுக்கு எண்ணெய் கொண்டுபோற குழாய் தாங்கலைன்னா நான் பொறுப்பில்ல" என்றார் பாய். "மெதுவா எந்திரிச்சாலும் எந்திரிக்கும்ல? அது போதும், மாட்டுங்க பாய்" என்றார் டீச்சர். மாட்டினால் பானெட் மூடவில்லை. பாய் பானெட்டில் வட்டமாக ஓட்டை போட்டு, பிரியாணி தேக்சாவின் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து வெல்டிங் அடித்தார். அதற்குப் பிறகு எங்கள் கார் தெருவில் போனால் ஜனங்களுக்குப் பசித்தது.

பாய் சொன்னது சத்தியம். மிதித்தால் ஒன்றும் நடக்காது. கரும்புகை மட்டும் கிளம்பும்; பின்னால் வரும் சைக்கிள்காரர்கள் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். டீச்சர் அசரமாட்டார். "மிதிச்சாச்சுல்லா, வரும்" என்பார். குக்கர் விசிலுக்கு முந்தி ஒரு முனகல் கேட்குமே, அதுபோல ஒன்று கேட்கும். அப்புறம் திடீரென்று யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல கார் பாயும். ஆனால் அது பாய்கிற இடத்தில் ஆட்டுமந்தை நிற்கும், அல்லது எதிரே லாரி வரும். அவ்வளவையும் வீணாக்கி பிரேக் போடுவோம். மாதக்கணக்கில் இதே கூத்து. எந்தப் பாலத்தில் மிதித்தால் எந்த வளைவு தாண்டிக் காற்று வரும் என்று டீச்சர் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். பத்தாம் வகுப்பில் பையன் தேறவில்லை என்று தாய் அழுதுகொண்டு வந்தாலும் இப்போது "மிதிச்சாச்சுல்லா, வரும்" என்றுதான் பதில். என் மகளுக்கு வரன் தட்டிப்போனபோது என்னிடமும் அதையே சொன்னார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் ஓய்வு பெறும் நாளும் வந்தது. பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். வன்னியம்பட்டி விலக்கில் வழக்கம்போல பஸ் எங்களை முந்தியது, கண்டக்டர் கையை ஆட்டினார். டீச்சர் மிதித்தார். புகை வந்தது. முனகல் வந்தது. சாலை வெறிச்சென்று கிடந்தது. அம்மாடி! கார் கிளம்பிய கிளப்பில் நான் கதவைப் பிடித்துக்கொண்டு ஆண்டாளைக் கூப்பிட்டேன். பஸ்ஸின் பக்கவாட்டில் ஒவ்வொரு ஜன்னலாக நாங்கள் முன்னேற, பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்!" என்று அலற, மாரியப்பனின் திறந்த வாயைத் தாண்டி நாங்கள் முன்னால் போய்விட்டோம்.

பள்ளிக்கூடம் வந்தது. வாசலில் தலைமையாசிரியர் ரோஜா மாலையோடு நின்றார். பேண்டு வாத்தியம்கூட வைத்திருந்தார்கள். டீச்சர் நிறுத்தவில்லை. அத்தனை பேரையும் புகையில் மூழ்கடித்துவிட்டு நேரே போனார். "டீச்சர், ஸ்கூல்! ஸ்கூல்!" என்று கத்தினேன். "தெரியுதய்யா! நின்னா அவன் திரும்ப முந்திருவான்லா!" என்றார். பஸ் நிற்கிற தேரடி வரை ஓட்டித்தான் விட்டார். அங்கே காதர் பாய் பயந்த எண்ணெய்க் குழாய் பிய்த்துக்கொண்டு, தேக்சா மூடி வழியாக ஆவி பறக்க, கார் படுத்துவிட்டது. பின்னாலேயே பஸ் வந்து நின்றது. மாரியப்பன் இறங்கி வந்து, "டீச்சர், ஒத்துக்கிடுதேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சர் நடுத்தெருவில் பட்டுச்சேலையோடு நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாலையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் தேரடிக்கே ஓடிவந்தார்கள்.

சாயங்காலம் கார் இல்லை. ஜெயித்தவர் தோற்றவரின் பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போனார். கண்டக்டர் டிக்கெட் வேண்டாம் என்றார். "ஜெயிச்சவ போறேன், மரியாதையா டிக்கெட்டக் கிழிலே" என்று அதட்டி வாங்கினார். ரோஜா மாலையைக் கழற்றி பஸ்ஸின் முன்கண்ணாடியில் மாட்டினார். மாரியப்பன் வழியெல்லாம் வண்டியை உருட்டிக்கொண்டே போனார். "ஏலே மாரியப்பா, மிதிலே!" என்று டீச்சர் விரட்ட, "இன்னைக்கு ஒரு நாள் மெதுவாப் போவோம் டீச்சர்" என்றார் அவர்.

ராஜபாளையத்தில் துக்கம் கேட்டுவிட்டு, என் மகள் வாங்கித் தந்த காரில், இப்போது நான் குடியிருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி வந்தேன். ஆம், அவளுக்கும் நல்ல வரன் வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது. இந்தக் கார் மிதித்த உடனே ஓடுகிறது, அதில் ஒரு ருசியும் இல்லை. டீச்சர் வழக்கமாக மிதிக்கிற பாலத்தில் என் காலும் தானாக அழுந்தியது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. "மிதிச்சாச்சுல்லா, வரும்" என்று சத்தமாகச் சொன்னேன். அழுகைதான் வரும் என்று நினைத்தேன். வளைவு தாண்டியதும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல், வன்னியம்பட்டி விலக்கில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, கண் துடைத்துத் துடைத்துச் சிரித்தேன். பின்னால் வந்த ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு என்னை முந்திப் போயிற்று.