ஆயா மாடத்தி அருவிக்கு ஓடியது

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மிஷன்காரர்கள் கட்டிய ஆஸ்பத்திரியில் மாடத்தி ஆயா. அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேருக்குக் காய்ச்சல் இறங்கிவிடும். பீடி சுற்றுகிறவர்களும் வயல்கூலிகளும் வருகிற இடம் அது. காசில்லாதவன் ஒரு கோழியைக் கொண்டுவந்து கட்டிப்போட்டாலும் வைத்தியம் நடக்கும். கோழி கட்டை அவிழ்த்துக்கொண்டு வார்டுக்குள் புகுந்தால் அதை விரட்டுவதும் மாடத்தியின் வேலைதான்.

அங்கே ஒரே ஒரு தொல்லை, ஜெபம். கோட்டயத்துக்காரரான டாக்டர் ஏலியாம்மா கத்தியைத் தொடுமுன் நோயாளியின் கையைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக் கர்த்தரைக் கூப்பிடுவார். படுத்திருப்பவனுக்கு, இந்த அம்மாவுக்கே தன் கைமேல் நம்பிக்கை இல்லை போலிருக்கிறதே என்று தோன்றும். பிழைத்து வந்தவன் இதை வார்டில் சொல்ல, மறுநாள் ஆபரேஷனுக்கு இருப்பவன் விடியுமுன் கம்பி நீட்டிவிடுவான். நேரே குற்றாலத்துக்குத்தான் போவான். மூலிகைத் தண்ணீரில் தலையைக் கொடுத்தால் கத்தியே வேண்டாம் என்பது ஊரறிந்த வைத்தியம்.

மாடத்தி பஸ் ஏறிப் போய்ச் சாரலில் நனைந்துகொண்டே ஆளைத் தேடிப் பிடிப்பாள். அருவிக்கரைக் கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் முகம்மது கனியை அப்படித்தான் பிடித்தாள். குடலிறக்கத்தோடு அருவிக்கடியில் நின்றவனை ஈரத்துண்டோடு வெளியே இழுத்தாள்.

"ஏலே, குடலெறக்கம் தண்ணியில கரையுமால? சாவுததா இருந்தா எங்க கட்டில்ல வந்து சாவு. வெளுத்த விரிப்பு போட்டு வச்சிருக்கேன்."

ஆபரேஷன் நடந்தது; அவன் சாகவில்லை. சிப்ஸ் போட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் மாடத்திக்கே நோய் வந்தது. மாசக்கணக்காக உதிரம் போவதை யாரிடமும் சொல்லாமல் வார்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் ஒருநாள் வாளியோடு விழுந்தாள். கர்ப்பப்பையில் கட்டி; எடுக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். மாடத்தி சரி என்று தலையாட்டினாள். ஆபரேஷன் அன்று காலையில் பார்த்தால் கட்டில் காலி.

பேரருவியில் பெண்கள் குளிக்கிற பக்கத்தில் அவள் நிற்பதைக் கனி கடையிலிருந்தே பார்த்துவிட்டான். அந்தப் பக்கம் ஆண்கள் போக முடியாது. கம்பிக்கு இப்பால் குடையைப் பிடித்தபடி காத்து நின்றான். கடைசியில் அவள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்தாள்.

"யக்கா, கட்டி கரைஞ்சிட்டா?"

"போலே."

"சாவுததா இருந்தா உங்க கட்டில்ல போய்ச் சாவுங்க. விரிப்பு போட்டிருக்காவளாம்."

மாடத்தி பதிலுக்கு ஏசவில்லை. கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். "எனக்குப் பயமா இருக்குலே. அந்தம்மா கண்ண மூடுததை நெனச்சாலே உசுரு போவுது. ஒங்களயெல்லாம் தரதரன்னு இழுத்துட்டுப் போனேனே, பயமா இருக்கான்னு ஒருத்தங்கிட்டயாவது கேட்டிருக்கலாம்லா."

கனி கடையைச் சாத்திவிட்டு அவளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனான்.

அவளை ஆபரேஷன் மேஜையில் கிடத்தியதும் டாக்டர் வழக்கம்போல அவள் கையைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"அம்மா, ஜெபம் பண்ணுங்க, வேண்டாங்கல. கண்ணத் தொறந்து என்னப் பாத்துக்கிட்டே பண்ணுங்க."

இத்தனை வருஷத்தில் டாக்டரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கண்ணைத் திறந்தார். மாடத்தி வைத்த கண் வாங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனப்பாடமான ஜெபம் டாக்டருக்குப் பாதியில் மறந்துபோனது.

"கர்த்தாவே, இவ எனக்கு வேணும்," என்று மட்டும் சொன்னார்.

மாடத்தி பிழைத்தாள். முன்னைவிட அதிகமாகவே ஏசினாள். அதன்பிறகு அந்த ஆஸ்பத்திரியில் கண் திறந்த ஜெபம்தான், ஓடுகிறவர்களும் குறைந்தார்கள். நடுங்குகிற ஆளைக் கண்டால் மாடத்தி கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"பயமா இருக்கால?"

"நீங்க பயந்தியளா ஆச்சி?"

"பயந்தேன்லே. அருவிக்கே ஓடுனேன். தண்ணி சொகமாத்தான் இருந்துச்சு. கட்டிதான் கரையல."