அழிக்காத கணக்கு

கோச்சடையில் பேத்தி படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மகனுக்கு வேலை இருந்ததால் நான் போயிருந்தேன். பிள்ளைகள் ஈரத் துணியால் சிலேட்டைத் துடைத்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

மூன்றாம் வகுப்பில் வாத்தியார் நாற்பத்தெட்டையும் முப்பத்தேழையும் கூட்டச் சொன்னார். எங்கள் அம்மா சந்தைக்கு வாழையிலை எண்ணும்போது, பத்துப் பத்தாக அடுக்கியதை முதலில் எண்ணிவிட்டு உதிரியைப் பிறகுதான் சேர்ப்பாள். நானும் அப்படியே செய்தேன். நாற்பதும் முப்பதும் எழுபது, எட்டும் ஏழும் பதினைந்து, ஆக எண்பத்தைந்து. வகுப்பிலேயே முதலில் முடித்தவன் நான்தான்.

"வலப்பக்கமிருந்துல்ல கூட்டணும்? அழிச்சிட்டுத் திரும்பப் போடுறா" என்றார் வாத்தியார்.

"விடை சரிதானே சார்?"

"எம்புட்டுத் திமிரு! அழி. இல்லேன்னா வெளிய போ."

சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். அம்மா அடித்தும் திரும்பிப் போகவில்லை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இன்று அவனியாபுரத்தில் என் பட்டறையில் நான்கு லேத் ஓடுகிறது. படித்த பையன்கள் அளவு சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருகிறார்கள்.

பேத்தியின் வகுப்புக் கரும்பலகையில் ஒரே கூட்டலைப் பிள்ளைகள் மூன்று விதமாகப் போட்டிருந்தார்கள். டீச்சர் மூன்றுக்கும் சரி போட்டிருந்தார்.

"நடுவுல இருக்கிறது நான் போட்ட வழி டீச்சர்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஐயா எதுவரைக்கும் படிச்சிருக்கீக?"

"மூணாப்பு. கணக்கைச் சரியாப் போட்டுட்டு வெளிய வந்தவன்."