மாமனார் சண்டை போடாத கல்யாணம்

என் மாமனார் சண்டை போடாமல் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். துணியில் ஒரு நூல் பிசகினாலும் பொறுக்கமாட்டார். பந்தியில் இலை கோணலாக விழுந்தால் பெண்வீட்டாரைக் கூப்பிட்டு விசாரணையே வைப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில், அவர் கண் மங்கி வேலையை விட்ட மறுவருஷம், அவிநாசியில் ஒரு கல்யாணம். ரசம் ஆறிப்போயிருந்தது. அவரை ‘வாங்க’ என்று வரவேற்கவும் ஆளில்லை. மனிதர் வாயே திறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“உங்க மாமனாருக்கு இப்பத்தானுங்க பக்குவம் வந்திருக்குது” என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். என் கணவருக்குப் பெருமை பிடிபடவில்லை. எனக்கும் உள்ளூர நிம்மதிதான், பொய் சொல்வானேன்.

வீடு திரும்பிய பிறகுதான் கவனித்தேன். மாமனார் தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. விடியுமுன் எழுந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாளாகச் சவரமும் இல்லை.

“ஏனுங்க மாமா, ஒடம்புக்கு என்னங்க?”

“ஒண்ணுமில்ல அம்மிணி. நான் இருந்து என்ன ஆகப்போவுது?”

கணவரிடம் சொன்னால், “வயசானா அப்படித்தான்” என்றார்.

“வயசானா முடி நரைக்குமுங்க. சாகோணும்னா தோணும்?” என்று எரிந்து விழுந்தேன். மறுநாளே மாமனாரைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூரில் ஒரு டாக்டரைப் பார்க்க பஸ் ஏறினேன்.

டாக்டர் தூக்கம், பசி எல்லாம் விசாரித்தார். பிறகு, “செத்துப்போகலாம்னு தோணுதுங்களா?” என்று நேராகவே கேட்டார். மாமனார் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

“இது வயசு இல்லீங்க, மனசுக்கு வந்த வியாதி. குணமாகும். மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும். அதுவரைக்கும் தனியா விடாதீங்க” என்றார் டாக்டர்.

எனக்கு ஏது பொறுமை? ஒரு வாரம் போனதுமே டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அடுப்படியில் திட்டித் தீர்த்தேன். ஆனாலும் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் அவரைக் கூடவே இழுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

மூன்றாம் முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது பதினொரு மணிவரை கூப்பிடவில்லை. மாமனார் சட்டென்று எழுந்தார். கம்பவுண்டரின் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

“ஏனுங்க, ஒம்பது மணிக்கு வரச்சொல்லிப்போட்டு இதென்னுங்க நியாயம்? எங்க மருமக பச்சத்தண்ணி குடிக்காம உக்காந்திருக்குது!”

அத்தனை பேர் பார்க்க நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய் என் பக்கம் திரும்பினார்.

“எதுக்கு அம்மிணி அழுவறே? வா, மொதல்ல போயி இட்டிலி திம்போம். எனக்கும் பசிக்குது.”