மாத்திரையை விடாத மனிதர்

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் நானும் என் கணவரும் சின்னதாக ஒரு தையற்கடை வைத்திருந்தோம்.

கல்யாணமான இரண்டாம் வருடமே அவருக்கு அந்த நோய் வந்தது. முதலில் தூக்கமே இல்லை. ஊருக்கெல்லாம் சட்டை தைத்துத் தருகிறேன் என்று கடையில் இருந்த துணியையெல்லாம் வெட்டித் தள்ளினார். அப்புறம் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி படுத்துவிட்டார். குளிக்க மாட்டார், கைக்குழந்தையைத் தூக்க மாட்டார். ஒருநாள், "நான் இருந்து இன்னா ஆவப்போவுது?" என்றார். அன்றே வேலூருக்குக் கூட்டிப் போனேன். இருமுனை மனநோய் என்று இப்போது சொல்கிறார்களே, அதுதான். லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள்.

மாத்திரை அவரை எழுப்பி உட்கார வைத்தது. ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது. தையற்காரருக்குக் கை நடுங்கினால் என்ன மிஞ்சும்? ஊசியில் நூல் கோக்க முடியாது. காலையில் தலை பாரமாக இருக்கும். எந்நேரமும் தாகம், மெஷின் பக்கத்திலேயே ஒரு குடம் தண்ணீர் வேண்டும்.

மனிதர் அசரவில்லை. நூல் கோப்பதையும் பொத்தானுக்குக் காஜா எடுப்பதையும் என்னிடம் கொடுத்துவிட்டார். துணி வெட்டுவதை மதியத்துக்கு மேல், தலை தெளிந்த பிறகு வைத்துக்கொண்டார். ரவிக்கையை விட்டுவிட்டு, நேர்த்தையல் போடுகிற பாவாடை, பை, பள்ளிக்கூட டவுசர் என்று மாறினார். கோணலாகப் போன தையலை முகம் சுளிக்காமல் பிரித்து மறுபடி தைப்பார்.

அடுத்த கோடையில் ஊரில் பலருக்கு வாந்திபேதி. அவருக்கும் வந்தது. மறுநாள் காலை எழுந்தவர் தள்ளாடினார். நாக்கு குழறியது. கை தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்துக் கடைக்கார அம்மா, "இன்னாம்மா, உங்க வூட்டுக்காரரு காலங்காத்தாலயே போட்டுட்டாரா?" என்றார். நான் பதறிப்போய் மாத்திரையை எடுத்து நீட்டினேன். அவர் என் கையைத் தள்ளினார்.

"வேணாம்... வாந்தி வந்தா நிறுத்திட்டு... ஓடி வரச் சொன்னாரு டாக்டரு."

பஸ் வர நேரமிருந்தது. புளி ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் இறங்கும் லாரி ஒன்றை மறித்தேன். "குடிச்சவங்கள ஏத்த மாட்டேம்மா," என்றார் டிரைவர். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் தன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை இழுத்துக் காட்டினார்.

"குடி இல்லண்ணே. இது... உடம்புல ஏறிப்போச்சு."

டிரைவர் அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இறங்கி வந்து அவரைத் தானே தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார். ஆலங்காயத்தோடு நிற்காமல், திருப்பத்தூர் ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

உடம்பில் நீர் வற்றியதால் மருந்து ரத்தத்தில் கூடிவிட்டதாம். இன்னொரு வேளை போட்டிருந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார்கள். பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றினார்கள். மெல்லத் தேறினார். வேலூரில் ரத்தம் சோதித்து, அளவைக் குறைத்து, அதே மாத்திரையைத்தான் திரும்பக் கொடுத்தார்கள்.

ஊர் திரும்பிய பிறகு கடைக்குப் பார்க்க வந்த என் தம்பி, "ஆளையே கொல்லப் பாத்துச்சு. தூக்கிப் போடுங்க மாமா," என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் மாத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகத்தில் பயம் அப்படியே தெரிந்தது.

"இது கையத்தான்டா ஆட்டுது. இது இல்லாதப்போ நான் எப்டிக் கெடந்தேன்னு உங்கக்காவுக்குத் தெரியும். பெத்த புள்ளையக்கூடத் தூக்காம கெடந்தேன்."

வாயில் போட்டு விழுங்கிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் அந்த மாத்திரையோடுதான் தைத்தார், சம்பாதித்தார், மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். தைரியசாலி என்று யாரையாவது யாராவது புகழ்ந்தால், உயிரை எடுக்கப் பார்த்த மாத்திரையைப் பயத்தோடேயே வாயில் போட்டுக்கொண்ட அந்த மனிதரோடு வாழ்ந்தவள் நான் என்று இன்றும் என் மனம் நிமிர்ந்துகொள்கிறது.