என் லாக்கர் சாவி தொலைந்த வருஷம்

இதை எழுத வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்து, மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்டேன். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன், எழுத வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். எழுதினால் என் குற்றத்தையும் எழுத வேண்டுமே என்ற கூச்சம்தான் உண்மையான காரணம். என் சாவியைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். அதில் முக்கியமான ஓர் ஆள் விடுபட்டுப்போனதால் எழுத உட்கார்ந்தேன்.

செக்காலையில் எனக்குப் பாத்திரக் கடை. அன்றைக்கு எங்கள் பாங்க், கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய பெரிய வீட்டில் வாடகைக்கு இருந்தது. முற்றத்துக்கு மேலே கம்பி வலை போட்டிருப்பார்கள். வலைக்கு மேலே புறாக்கள் உட்கார்ந்திருக்கும். நான் வாலிபனாக இருந்த காலத்தில் பணம் எடுக்கப் போனால் பித்தளை டோக்கன் தருவார்கள். அது கைச்சூட்டில் வெதுவெதுப்பாகும் வரை பெஞ்சில் உட்கார்ந்து யாருடனாவது பேசிக்கொண்டிருக்கலாம். இப்போது என் மகன் எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிடுகிறான். நல்ல வசதிதான். ஆனாலும் அந்த பெஞ்சை நினைத்தால் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

அந்த வீட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் நகை வைத்துப் பூட்டிய அறையைத்தான் பாங்க்காரர்கள் லாக்கர் அறையாக்கியிருந்தார்கள். லாக்கர் கிடைப்பது எங்கள் ஊரில் லேசில்லை. ஆட்கள் வெளியூர் போய்ப் பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதால் எல்லாருக்கும் லாக்கர் வேண்டும். நானே பேர் கொடுத்துவிட்டு ஆறு வருஷம் காத்திருந்தேன். ஒரு லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று பாங்க் அதிகாரியிடம் இருக்கும், மற்றது நம்மிடம். இரண்டையும் போட்டால்தான் திறக்கும்.

என் லாக்கரில் என்னுடையது அல்லாத ஒரு நகை இருந்தது. கண்டனூரில் எனக்கு ஒன்றுவிட்ட அக்காள் முறையாகும் ஒருவர் உண்டு. ஆச்சி என்று கூப்பிடுவேன். கணவர் தவறிய வருஷம், தன் கழுத்துருவை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். கல்யாணத்தன்று, திருப்பூட்டு என்கிற சடங்கில், மாப்பிள்ளை பெண்ணின் கழுத்தில் பூட்டுகிற பெரிய தங்கத் தாலிதான் கழுத்துரு.

“எனக்கு லாக்கர் இல்லேங்கிறாக தம்பி. அம்மாம் பெரிய வீட்டுல நானும் எம்மகளும் மட்டும் கெடக்கோம். ஒங்கிட்டயே இருக்கட்டும். அவ திருப்பூட்டுக்கு எடுத்துக் குடு, போதும்” என்றார்.

அந்த மகளுக்குப் பங்குனியில் கல்யாணம் நிச்சயமானது. இன்னொரு கழுத்துரு செய்ய ஆச்சிக்கு வழியில்லை.

அதற்கு முந்தைய தை மாதம், லாக்கர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் முத்திரைத்தாளில் புதிதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும் என்று பாங்கில் கூப்பிட்டார்கள். லாக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தது தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார். அப்படியே லாக்கரைத் திறந்து, கழுத்துரு பத்திரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாசியில் திருக்கோஷ்டியூர் தெப்பம். அதற்கு முந்தின வருஷத் தெப்பத்தில் என் மகளுக்குப் பிள்ளை வேண்டி, குளக்கரையிலிருந்து ஓர் அகல்விளக்கை எடுத்துவந்து, மஞ்சள் துணியில் முடிந்த காசும் துளசியும் வைத்து, சின்னப் பெட்டியில் மூடிப் பூஜை அறையில் வைத்திருந்தோம். பெருமாள் கண் திறந்தார், பேரன் பிறந்தான். நான் கடையைப் பார்த்துக்கொள்ள, என் வீட்டு அம்மாளும் மகளும் அந்தப் பெட்டியோடு போய் விளக்கேற்றி, நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு வந்தார்கள்.

முகூர்த்தத்துக்கு ஆறு நாள் இருக்கையில் சாவியைத் தேடினேன். காணோம். நான் பத்திரம் பார்க்கிறவன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் ஒளித்துவைப்பேன்.

“நீங்க ஒளிச்சு வச்சீகன்னா திருடனுக்கும் கெடைக்காது, நமக்கும் கெடைக்காது” என்று சொல்லிக்கொண்டே அரிசி டின்னைக் கவிழ்த்தாள் என் வீட்டுக்காரி.

இரண்டு நாள் தேடினோம். தேடத் தேட, லாக்கர் பூட்டிலேயே சாவியை விட்டுவிட்டு வந்தேன் என்று என் மனசு எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. மூன்றாம் நாள் பாங்குக்குப் போனேன்.

“அண்ணே, வீட்ல நல்லாத் தேடுனீகளா?” என்றார் கேஷியர்.

“நான் தொலைக்கல. அன்னைக்குக் கூட நின்னு பூட்டுனது அந்தம்மாதான். லாக்கர்லயே விட்டுட்டு வந்தேன். என்ன பண்ணுனாகன்னு அவுகளைக் கேளுங்க!”

ஹால் முழுக்கக் கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் பாக்கலைங்கய்யா. பாத்திருந்தா அன்னைக்கே போன் பண்ணியிருப்பேன்” என்றார் அவர். முகம் சிவந்துவிட்டது. மேனேஜர் அவரை உள்ளே கூப்பிட்டு, விளக்கம் எழுதித் தரச் சொன்னார்.

அந்த விளக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு வெள்ளைத் தாளோடு அவரே என்னிடம் வந்தார். லாக்கரை உடைத்துத் திறக்க நான் ஒரு கடிதம் தர வேண்டுமாம்.

“தொலைச்சுட்டேன்னு எழுத மாட்டேன்” என்றேன்.

“வேண்டாங்கய்யா. சாவி கைவசம் இல்லைன்னு எழுதுங்க. அது உண்மைதானே?”

எழுதினேன். உள்ளே ஆச்சியின் நகை இருப்பதைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“உள்ள என்ன இருக்குன்னு நாங்க கேக்கக் கூடாதுங்க. என்னைக்கு வேணும்னு மட்டும் சொல்லுங்க.”

“வெள்ளிக்கிழமை காலையில திருப்பூட்டு.”

லாக்கர் கம்பெனி மெக்கானிக் மதுரையிலிருந்து வர வேண்டும். அடுத்த வாரம்தான் முடியும் என்றான். அந்த அம்மா அன்றைக்கே நாலு தடவை அவனுக்குப் போன் போட்டார். “தம்பி, ஒரு பொண்ணு கல்யாணம்பா. பஸ் ஸ்டாண்டுல ஆட்டோ நிறுத்தி வைக்கிறேன்” என்று கெஞ்சியதை என் காதால் கேட்டேன். அப்போதும் என் மனசு இறங்கவில்லை. தப்புப் பண்ணினவள் பயந்து ஓடுகிறாள் என்றே நினைத்தேன்.

புதன்கிழமை மெக்கானிக் வந்தான். இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு துளை போட்டார்கள். வெளியே பெஞ்சில் ஆச்சி குடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கழுத்துரு இருந்த துணிப் பொதியை அவர் மடியில் வைத்ததும், “நான் செத்துப் பொழச்சேன் தம்பி” என்றார். வெள்ளிக்கிழமை கண்டனூரில் கெட்டிமேளத்தோடு அந்தப் பெண் கழுத்தில் கழுத்துரு ஏறியது. நான் சம்பந்திகளோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன்.

“ஐயா, நான் பாங்க்லேருந்து பேசுறேன். இல்ல, இப்ப திருக்கோஷ்டியூர்ல இருக்கேன். உண்டியல் எண்ணுற சேவைக்கு வந்தேன். உங்க சாவி பெருமாள்கிட்டதான் இருந்திருக்கு.”

மஞ்சள் துணியில் ஒரு காசோடு முடிந்து கிடந்ததாம். சாவியில் வெட்டியிருந்த நம்பரைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். அந்த நம்பருக்காக விளக்கம் எழுதியவர் அல்லவா? அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பாங்கிலிருந்து வந்ததும், பெருமாளைவிடப் பத்திரம் ஏது என்று விளக்குப் பெட்டியைத் திறந்து, நேர்ந்த காசோடு சாவியையும் சேர்த்து முடிந்து வைத்தது நானேதான்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். “முடிச்சு கனமாத்தான் இருந்துச்சு. பேரன் பொறந்த சந்தோஷத்துல கூடக் காசு போட்டிருக்கீகன்னு நெனச்சு உண்டியல்ல போட்டேன்” என்றாள்.

கோயிலில் எழுதிக் கொடுத்துச் சாவியை வாங்கினேன். குற்றம் என்னுடையது என்று ஒரு தாளில் எழுதி, மேனேஜர் அறைக்குள் போய்க் கொடுத்தேன். அந்த அம்மாவிடமும் கையெடுத்துக் கும்பிட்டேன். “சாவி கிடைச்சதேங்கய்யா, போங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

“எங்க லாக்கர் பத்தாதுன்னு பெருமாள் லாக்கர்ல வச்சிருக்கீகளே!” என்று கேஷியர் சிரித்தார். அன்று ஆரம்பித்த பேச்சுதான், தொலைந்த சாவியைப் பெருமாள் எடுத்துக் கொடுத்தார் என்று ஊரெல்லாம் பரவியது. கடைக்கு வருகிறவர்களிடம் நானும் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னேன். பழியை ஹாலில் நின்று சத்தமாகப் போட்டுவிட்டு, மன்னிப்பை அறைக்குள் போய் மெதுவாகக் கேட்டேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த அம்மா மாற்றலாகிப் போய்விட்டார். பாங்கும் கண்ணாடி போட்ட புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய வீட்டைப் பூட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போது வெளிவாசலில் கொஞ்சம் நிற்பேன். புறாக்கள் சத்தம் மட்டும் கேட்கும். அவரிடம் நான் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டிய ஹால் அது.

பெருமாள் செய்ததை நான் மறுக்கவில்லை. அன்றைக்கு அந்த அம்மாவை உண்டியல் எண்ண வரவழைத்தவர் அவர்தான். இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியது போலவே சொல்லுங்கள். என் பேரில் இரக்கப்பட்டு ஹாலில் நான் போட்ட சத்தத்தை விட்டுவிட வேண்டாம். அந்த அம்மா நாலு தடவை போன் போட்டதை மூன்று என்றுகூடச் சொல்ல வேண்டாம்.