பிள்ளைக்காக அடங்கிய வீக்கம்

நண்டு வலை கரைக்கு வருவது விடியற்காலையில். என் விரல்கள் மடங்க மறுப்பதும் அதே நேரத்தில்தான். ஊர்காவற்றுறையில் கடற்தொழில் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத நோய் வருத்தம் தேடினாலும் கிடைக்காது. வலையில் சிக்கிய நண்டைக் கால் உடையாமல் கழற்ற வேண்டும். உடைந்தால் வாங்குகிறவர் ஒதுக்கிவிடுவார். எனக்கோ பத்து மணி வரைக்கும் விரல் மூட்டுகள் வீங்கிச் சூடாகக் கிடக்கும். பிறகு மெல்ல இளகும். அப்போது கழற்றுவதற்கு நண்டு இருக்காது.

என் கணவரின் அக்கா எங்களோடுதான் இருந்தார். நான் அவரை மச்சாள் என்று கூப்பிடுவேன். உடம்பைக் கொதிக்கப்பண்ணி வீக்கமும் சொறிகடியும் தருகிற சாப்பாட்டை எங்கள் பக்கத்தில் கிரந்தி என்பார்கள். நண்டு, இறால், சூரை, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி. இந்த விஷயத்தில் மச்சாளோடு வாதாடி வென்றவர்கள் கிடையாது.

“நாள் முழுக்க நண்டுக்குள்ளயே கிடக்கிறீர். நண்டுதான் தின்னுறீர். பிறகு கை வீங்காமல் என்ன செய்யும்?” என்பார்.

போர் நின்று, பாதை திறந்து, இனிச் சமாதானம் என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில் நான் பிள்ளைத்தாய்ச்சி ஆனேன். அன்றைக்கே மச்சாள் வீட்டில் நண்டைத் தடைசெய்துவிட்டார். மூன்றாம் மாதம் ஒரு காலையில் தலைமயிரைப் பின்னி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: விரல்கள் மடங்குகின்றன. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வீக்கம் வற்றியிருந்தது. சந்தோசத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. அடுத்த மாதமே நான் கடற்கரைக்குப் போய் மற்றப் பெண்களோடு குந்தியிருந்து நண்டு கழற்றினேன்.

மச்சாளுக்குத் தலைகால் புரியவில்லை. மாதா கோயில் வளவில் காண்கிறவர்களுக்கெல்லாம், “நண்டை விட்டவுடன கை வந்திட்டுது” என்று சொல்லித் திரிந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் வாயைத் திறக்க முடியாத நிலைமை. ஆறாம் மாதம் நண்டு ஆசை தாங்காமல் கணவரிடம் கேட்டு, கரையில் தேங்காய்ப் பொச்சுமட்டை நெருப்பில் சுட்ட இரண்டு நண்டை நான் ஒருத்தியாகவே தின்று முடித்திருந்தேன். மூன்று நாள் பயந்து பயந்து கையைப் பார்த்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. கணவரும் நானும் கள்ளர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரிந்தோம்.

மகள் பிறந்தாள். மச்சாள் மல்லி, மிளகு, மஞ்சள் என்று சரக்கு அரைத்துப் பத்தியக் கறி காய்ச்சினார். நண்டின் வாடைகூட வீட்டுக்குள் வரவில்லை. அப்படி இருந்தும் ஐந்தாம் வாரத்தில் வருத்தம் திரும்பி வந்தது. இந்தமுறை விரலோடு நிற்காமல் மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் எல்லாம் பிடித்தது. ஒரு நாள் பிள்ளை என் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் தனியாக அவளைத் தொடவே இல்லை. பால் கொடுக்கும் போதெல்லாம் மச்சாள்தான் கீழே கை கொடுத்துப் பிள்ளையை என் மார்போடு தாங்கிப் பிடிப்பார். பெற்ற பிள்ளையை ஏந்தப் பயந்த அந்த வெட்கம் என்னை அரித்தது.

“உண்மையைச் சொல்லும். களவா நண்டு திண்டனீரோ?” என்று மச்சாள் ஒருநாள் கேட்டேவிட்டார். நான் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டொக்டர். நான் வாய் திறக்குமுன் மச்சாள் நண்டுக் கதையை ஆதியிலிருந்து தொடங்கினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“ஆறாம் மாசம் ரெண்டு நண்டு சுட்டுத் திண்டனான் டொக்டர். அப்ப கை நல்லா இருந்தது. இப்ப வாயில வைக்கேல்லை. இப்பத்தான் பிள்ளையைத் தூக்க ஏலாமல் கிடக்கு” என்றேன். மச்சாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

டொக்டர் சிரிக்கவில்லை. “நண்டில பிழை இல்லை” என்றார். “உடம்புக்குள்ள ஒரு கலம், அதுதான் செல், மற்றக் கலத்துக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்திப் பொருளுக்கு சைட்டோகைன் எண்டு பேர். கிருமி வந்திட்டுது, ரத்தத்தை வரவழை, சூடாக்கு, வீங்கப்பண்ணு எண்டு சொல்லும். காயம் ஆறுறதுக்கும் அது வேணும். உமக்குக் கிருமி இல்லாமலே மூட்டுக்குள்ள அந்தச் செய்தி ஓயாமல் போகுது. உம்மட உடம்பே உம்மட மூட்டை அடிக்குது.”

“அப்ப பிள்ளை வயித்தில இருக்கேக்க?”

“பிள்ளையில பாதி தகப்பன்ர. உம்மட உடம்புக்கு அது பிறத்தி ஆள். அதை அடிச்சுத் துரத்தாமல் வைச்சிருக்க வேணுமெண்டா உடம்பு தன்ர சண்டையைக் குறைக்க வேணும். அந்தநேரம் கன பேருக்கு மூட்டு வருத்தமும் அடங்கும். பிறந்தாப் பிறகு திரும்ப எழும்பும். எப்பிடி எண்டு எங்களுக்கும் இன்னும் முழுக்கத் தெரியாது.”

எத்தனை எண்ணெய், எத்தனை கசாயம், மாதாவுக்கு எத்தனை நேர்த்திக்கடன். நான் அழுது கேட்டும் அடங்காத உடம்பு, கேட்க வாய்கூட இல்லாத ஒரு சின்ன உயிர் வந்ததும் தானாக அடங்கியிருக்கிறது. எனக்குத் தெரியாமல், எனக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத செய்திகளைக் கொண்டு இவ்வளவும் நடந்திருக்கிறது. மச்சாளின் மடியில் கிடந்த மகளைப் பார்க்க, பெரிய மனுசி ஒருத்தியைப் பார்ப்பதுபோல மரியாதை வந்தது.

பால் கொடுக்கிறவர்களும் எடுக்கலாம் என்று சொல்லி டொக்டர் தினமும் விழுங்க ஒரு குளிசை எழுதித் தந்தார். திரும்பும் பஸ் பண்ணைப் பாலத்தைக் கடந்தபோது மச்சாள் என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு நண்டோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“எனக்கும் ஒண்டு தந்திருக்கலாம்.”

குளிசை தொடங்கி எட்டாம் நாள் காலையில் மச்சாள் வழக்கம்போலப் பிள்ளையைக் கொண்டுவந்து மார்போடு தாங்கினார். என் கைகளை அவர் கைகளுக்கு மேலே கொடுத்துப் பார்த்தேன். வலி இருந்தது, ஆனால் பிடி இருந்தது.

“விடுங்கோ மச்சாள்” என்றேன்.

அவர் ஒரு கையை எடுத்தார். மற்றக் கையைத் தயங்கித் தயங்கிக் கீழே இறக்கி, பிள்ளையில் படாமல் ஒரு சாண் கீழே விரித்தபடி பிடித்துக்கொண்டார். மகள் குடித்து முடிக்க நெடுநேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அந்தக் கை அங்கேயே இருந்தது. பாரம் முழுவதும் என்னிடம் இருந்தது.