துளசிங்கத்தின் கொண்டையும் சேவல்ஸ் நிர்வாகமும்

திருத்தணி மலைமேல் நாளொன்றுக்கு அறுபது பேருக்கு மொட்டையடிக்கிற என் சிநேகிதன் துளசிங்கம், ஒன்றரை வருடமாகத் தன் தலையில் மட்டும் கத்தி படவிடவில்லை. முடி கொண்டை போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. மொட்டைக்கு உட்காருகிற பக்தர்கள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் தலையைக் குனிவார்கள்.

காரணம் கால்பந்து. சென்னை சேவல்ஸ் அணியின் சட்டையில் சேவல் இருந்தது. முருகன் கொடியாச்சே என்று இவன் கட்சி சேர்ந்துவிட்டான். பன்னிரண்டு வருடத்தில் கோப்பை ஒன்றுகூட இல்லை, பயிற்சியாளர்கள் மட்டும் பதினான்கு பேர். தோற்றால் தூக்குவார்கள். ஜெயித்தால், ஆட்டத்தில் அழகு போதாது என்று தூக்குவார்கள். குடியிருப்பவனைக் காலி பண்ணச் சொல்லக்கூட நம் ஊரில் மூன்று மாதம் தவணை உண்டு.

பதினான்காவதாக வந்தவர் வர்க்கீஸ். வந்ததும் வரிசையாக ஐந்து ஆட்டம் ஜெயிக்கவைத்தார். துளசிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. நேரே சன்னிதிக்குப் போனான்.

"முருகா, இந்த வர்க்கீஸ் சாரு கையில கப்பு வரணும். அதுவரிக்கும் முடில கை வெக்கமாட்டேன்."

அணிக்காக வேண்டிக்கொள்ளாமல் ஆளுக்காக வேண்டிக்கொண்டான் பாருங்கள், அங்கேதான் கெட்டது. அந்த நிர்வாகத்தைத் தெரிந்தவன் செய்கிற காரியமா அது? ஆறாவது ஆட்டம் டிரா. மறுநாளே வர்க்கீஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரைக் கொச்சி அணி கூப்பிட்டுக்கொண்டது.

இதற்கிடையில் துளசிங்கத்தின் மகள் அனிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவன் மனைவி தமயந்தி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு கைய புடிச்சிக் குடுக்கறப்போ கொண்டையோடவா நிப்ப? பொதட்டூர்பேட்டைல மாப்ள வூட்டுக்காரங்க சொல்லிச் சொல்லி சிரிச்சிகினு இருக்காங்க."

"சாமிகிட்ட சொன்னத எப்டிம்மே மாத்தறது?"

"வுடும்மா," என்றாள் அனிதா. "நைனாவுக்கும் சேத்தே பூ வாங்கிடலாம்."

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் இறுதி ஆட்டம். சேவல்ஸும் கொச்சியும். சேவல்ஸ் ஜெயித்தால் பன்னிரண்டு வருட ஆசை நிறைவேறும், கல்யாணத்தில் கொண்டையும் இருக்கும். கொச்சி ஜெயித்தால் வர்க்கீஸ் கையில் கோப்பை, இவன் தலை மொட்டை. அவன் வீட்டில்தான் பார்த்தோம். துளசிங்கம் யார் பக்கமும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். சேவல்ஸின் பதினைந்தாவது பயிற்சியாளர், நிறைய கோல் அடித்தவனை வெளியே உட்காரவைத்துவிட்டு மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றுக்கு ஒன்று. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் கொச்சி கோல் போட்டது.

"முருகா!" என்று துள்ளி எழுந்து கைதட்டினான் துளசிங்கம். தட்டிய கை பாதியில் நின்றது.

"அடப்பாவி, எதிராளி கோலுக்குத் தட்டிட்டனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதான். தமயந்தி அதற்குள் சந்தனம் கரைக்க எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை மொட்டை முடிந்து அவன் எழுந்தபோது, சேவல்ஸ் பதினைந்தாவது ஆளையும் தூக்கிவிட்டது என்று செய்தி வந்தது.

கல்யாணத்தன்று பளபளக்கிற தலையோடு, அனிதாவின் கையை மாப்பிள்ளை கையில் வைத்தான்.

"நல்லா ஆடுனாலும் ஆடலன்னாலும் கூடவே வெச்சிக்குங்க மாப்ளே. ஒரு டிராவுக்கெல்லாம் கை வுட்டுடாதீங்க."

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான். அனிதா கையை இறுக்கிக்கொண்டு, "ஆங், நைனா," என்றாள்.